சேர்க்கை சரியில்லைன்னு சொல்றதுக்கு முன்னாடி

போன வாரத்துல இருந்து மனசுக்குள்ள ஒரு கோவம் கெடக்கு மக்களே. எழுதித் தீர்த்தாத்தான் ஆறும் போல.

சாயங்காலம் பால் பாக்கெட் வாங்கப் பெட்டிக்கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னாடி ஒரு பொடியன். நாலாவதோ அஞ்சாவதோ படிப்பான். ஸ்கூல் டவுசரைக்கூட இன்னும் மாத்தல. கையில கசங்கின ஐம்பது ரூபா நோட்டு. சிகரெட் பேரைத் தெளிவாச் சொல்லி, "ரெண்டு குடுங்கண்ணே, மீதிக்கு மிட்டாய்"ன்னான். கடைக்காரர் பாக்கெட்டுல இருந்து ரெண்டை உருவி, துண்டுப் பேப்பர்ல சுருட்டிக் குடுத்தார்.

"யாருக்குல?"ன்னு கேட்டேன்.

"அப்பாவுக்கு மாமா."

சொல்லிட்டு ஓடிட்டான். கடைக்காரர்கிட்ட, "என்னண்ணே, இம்புட்டுப் பயகிட்ட குடுக்கீங்களே"ன்னேன்.

"அவங்க அப்பா அந்தா திண்ணையிலதான் உக்காந்திருக்காரு. தெரிஞ்ச பையன். அவன் குடிக்கவா போறான்?"

(அவர் தலைக்கு மேலேயே போர்டு தொங்குது. 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்குப் புகையிலைப் பொருள் விற்கிறது தண்டனைக்குரிய குற்றம்னு.)

இந்தச் சட்டம் 2003-ல இருந்து இருக்கு. யாருக்காக வாங்குறான்ங்கிற விதிவிலக்கெல்லாம் அதுல கிடையாது. சின்னப் பிள்ளை கையில குடுக்கக் கூடாது, அவ்வளவுதான். 2015-ல வந்த சிறார் நீதிச் சட்டம் இன்னும் கடுமை. குழந்தைக்குப் புகையிலைப் பொருள் குடுத்தா 7 வருஷம் வரைக்கும் கடுங்காவல், 1 லட்சம் ரூபா வரைக்கும் அபராதம். ஆனா எனக்குக் கடைக்காரர் மேல வந்த கோவத்தைவிடத் திண்ணையில உக்காந்திருந்தவர் மேல வந்த கோவம்தான் பெருசு.

"அவன் குடிக்கவா போறான்?" இன்னைக்குக் குடிக்க மாட்டான். ஆனா இன்னைக்கு அவன் என்னென்ன கத்துக்கிட்டான்னு யோசிச்சுப் பாருங்க. எந்தக் கடையில கேள்வி கேக்காம குடுப்பாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டான். பேரு தெரியும், விலை தெரியும், லூஸ்ல வாங்கலாம்னு தெரியும். இது மறைக்க வேண்டிய சாமான் இல்ல, உப்பு புளி மாதிரி வீட்டுச் சாமான்தான்னும் புரிஞ்சுக்கிட்டான். எல்லாத்துக்கும் மேல, அப்பா சொன்ன வேலையைச் சரியாச் செஞ்சா மிட்டாய் கிடைக்கும்!

இந்தப் பையனுக்கு ஒரு பதினாறு வயசு ஆகும்போது சட்டைப் பையில சிகரெட் தூள் உதிரும். அப்ப அதே அப்பா என்ன சொல்லுவார் தெரியுமா?

"சேர்க்கை சரியில்ல."

இந்த வார்த்தையைக் கேக்காத தெரு நம்ம ஊர்ல உண்டா? என் பையன் நல்லவன், அந்தக் கடைசி வீட்டுப் பையன்தான் கெடுத்துட்டான். கடைசி வீட்டுக்குப் போய்க் கேளுங்க, அவங்க முதல் வீட்டுப் பையனைக் கை காட்டுவாங்க. நடுவீட்டுல கேட்டா ரெண்டு பேரையும் காட்டுவாங்க. எல்லா வீட்டுப் பிள்ளையும் நல்ல பிள்ளை, எல்லா வீட்டுப் பிள்ளையோட சேர்க்கையும் கெட்ட சேர்க்கை. கணக்கு எங்கயோ இடிக்குதுல்லா?

நான் சொல்ல வந்தது இதுதான். சேர்க்கைன்னு ஒண்ணு தனியா வானத்துல இருந்து குதிக்கல. அந்தக் கூட்டாளியும் ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளை. அவனும் ஏதோ ஒரு அப்பாவுக்கு, ஒரு மாமாவுக்குக் கடைக்குப் போய் வந்தவன். நாலு வீட்டுல தனித்தனியா நடந்தது ஒரு டீக்கடையில ஒண்ணு கூடுது. அதுக்குத்தான் நாம சேர்க்கைன்னு பேரு வச்சிருக்கோம்.

நான் வளர்ந்தது பீடி சுத்துற ஊர்ப் பக்கம். முக்கூடல், ஆலங்குளம், கடையம்னு அந்தச் சுத்துவட்டாரம் முழுக்க, பெண்கள் மடியில தட்டை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. இலையை நனைச்சு, வெட்டி, தூளை வச்சு, சுருட்டி, நூலைக் கட்டி... எங்க அம்மாவும் சுத்தினவங்கதான். எங்க பள்ளிக்கூட ஃபீஸ், தீபாவளிச் சட்டை எல்லாம் அந்தத் தட்டுல இருந்து வந்தது. அந்த உழைப்பை நான் ஒருநாளும் குறைச்சுப் பேச மாட்டேன்.

ஆனா அங்க வளர்ற பிள்ளைக்குப் புகையிலை வாசம் அடுப்படி வாசம் மாதிரி பழகிப் போயிரும். கூடை நிறைய பீடி வீட்டுக்குள்ளயே இருக்கும்போது ஒண்ணு குறைஞ்சா யாருக்குத் தெரியும்? பீடியில தூள் கம்மி, அதனால கெடுதலும் கம்மின்னு ஒரு நம்பிக்கை வேற. உண்மை நேர் எதிர். அது அடிக்கடி அணைஞ்சு போகும்ங்கிறதால வேகமா, ஆழமா இழுப்பாங்க. சிகரெட்டைவிட நிகோடினும் தாரும் கூடுதலாத்தான் உள்ள போகும்.

இந்தியா முழுக்க 13 முதல் 15 வயசு வரை உள்ள பள்ளிப் பிள்ளைகள்கிட்ட 2019-ல ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்துச்சு (உலகளாவிய இளையோர் புகையிலைக் கணக்கெடுப்புன்னு பேரு). சிகரெட்டைத் தொட்ட பிள்ளைகள்ல 38 சதவீதம் பேர், பீடியைத் தொட்டவங்கள்ல 47 சதவீதம் பேர், பத்து வயசு முடியறதுக்குள்ளயே தொட்டிருக்காங்க.

பத்து வயசுக்குள்ள!

பத்து வயசுப் பையனுக்கு என்ன பெரிய கூட்டாளி வட்டம் இருந்துறப் போகுது? அவன் உலகமே வீடும் தெருவும்தான். அந்த வயசுல பீடி அவன் கைக்கு எட்டுதுன்னா, பெரும்பாலும் அது வீட்டு அலமாரியில இருந்தோ, அப்பா சட்டைப் பையில இருந்தோ, இல்ல "போய் வாங்கிட்டு வா"ன்னு அனுப்பின கடையில இருந்தோதான் வந்திருக்கணும்.

சினிமாவைப் பத்தி நீங்க கேப்பீங்கன்னு தெரியும். ரஜினி சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயால பிடிச்சதைப் பார்த்து எங்க வகுப்பே சாக்பீஸைத் தூக்கிப் போட்டுப் பிடிச்சுது. பென்சில், குச்சி, அந்தச் செவப்பு நுனி வச்ச சிகரெட் மிட்டாய், எல்லாத்தையும் தூக்கிப் போட்டோம். சினிமாவுக்குப் பங்கு இருக்கு, சந்தேகமே வேண்டாம். ஆனா கவனிச்சுப் பாருங்க, கைக்குக் கிடைச்சது சாக்பீஸா இருந்தவன் சாக்பீஸோட நின்னுட்டான். வீட்டுல நிஜ சிகரெட் கிடைச்சவன்தான் அடுத்த படிக்குப் போனான்.

இதெல்லாம் என் அனுபவம்னு ஒதுக்கிறாதீங்க. 2011-ல தோராக்ஸ்ங்கிற மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. பல நாடுகள்ல நடந்த 58 ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்துப் பார்த்திருக்காங்க. அப்பா அம்மாவுல ஒருத்தராவது புகைச்சா, பிள்ளை புகைக்க ஆரம்பிக்கிற வாய்ப்பு விகிதம் சுமார் 1.7 மடங்கு. ரெண்டு பேருமே புகைச்சா 2.7 மடங்கு. இது வரைக்கும் நாம எதிர்பார்த்ததுதான். என்னை நிமிர்ந்து உக்கார வச்சது அடுத்த எண். கூடப் பிறந்தவங்க புகைச்சா 2.3 மடங்கு.

அதாவது, ஒரு அப்பாவைவிட ஒரு அண்ணன் பலமான ஆள்!

கொஞ்சம் யோசிச்சா புரியும். பதிமூணு வயசுப் பையனுக்கு அப்பா வேற தலைமுறை. அப்பா மாதிரி ஆகணும்னு அந்த வயசுல யாரு நினைக்கா? ஆனா அண்ணன்? அண்ணனோட பைக், அண்ணனோட ஹேர்ஸ்டைல், அண்ணனோட கூட்டாளிகள்... இன்னும் நாலு வருஷத்துல தான் எப்படி இருப்போம்னு பையன் அண்ணனைப் பார்த்துத்தான் முடிவு பண்றான். முன்னேர் போன வழியே பின்னேர்.

அதுவும் போக, அப்பா பிள்ளைக்குத் தெரியாம மாடியில போய்க் குடிப்பார். அண்ணன் தம்பியைக் கூட்டிட்டுப் போயிருவான், "அம்மாகிட்ட சொல்லாத"ன்னு. ரகசியத்துல பங்கு குடுத்துட்டான் பாருங்க, அங்கதான் தம்பி பெரிய மனுஷன் ஆயிட்டதா நினைக்கிறான். (வீட்டையும் சேர்க்கையையும் சேர்த்துக் கட்டுற முடிச்சே அண்ணன்தான். ஒரே ஆள் ரெண்டு பக்கமும் நிக்கிறான்.)

சரி, டீக்கடைக்கு வருவோம்.

கூட்டாளிங்க வாயில திணிச்சு விடுற மாதிரி பெரியவங்க கற்பனை பண்ணிக்கிறாங்க. நான் இத்தனை காலம் டீக்கடையில நின்னு பார்த்ததுல அப்படி யாரும் திணிச்சுப் பார்த்ததே இல்ல. அஞ்சு பேரு நிப்பாங்க. ஒரு சிகரெட் பத்தும். கை மாறும். "மச்சி, எனக்கு ரெண்டு இழுப்பு வை"ம்பான் ஒருத்தன். கேலியும் பேச்சும் அந்தச் சிகரெட் கூடவே சுத்தி வரும். வேண்டாம்னு நிக்கிறவனை யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. ஆனா அவன் கைதான் சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கிற கைதான் பெரிய நெருக்கடி. ஒருநாள் அவனே நீட்டிருவான்.

முதல் இழுப்பு இருமல்லதான் முடியும். கண்ணுல தண்ணி வரும், தலை சுத்தும். "இதப் போயி எவன் குடிப்பான்"னு தோணும். ஒரு தடவைதானேன்னு நினைக்கிற அந்த இடத்தைப் பத்தி லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்து ஆட்கள் 2018-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ரெண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவங்ககிட்ட எடுத்த தகவல். ஒரு சிகரெட்டை முயற்சி பண்ணிப் பார்த்தவங்கள்ல சுமார் 69 சதவீதம் பேர், கொஞ்ச காலத்துக்காவது தினமும் குடிக்கிறவங்களா ஆகியிருக்காங்க. மூணுல ரெண்டு பேருக்கும் மேல! இழுத்த சில நொடியிலயே நிகோடின் மூளைக்குப் போயிருது. அந்த மூளை இருபது வயசு தாண்டியும் வளர்ந்துக்கிட்டுத்தான் இருக்கு. வளர்ற மூளை அதைச் சீக்கிரமாப் பழகிக்கிடும்.

இன்னொன்னையும் நேர்மையாச் சொல்லணும். கூட்டாளி கெடுத்தான்ங்கிறது பாதிக் கதை. குடிச்சுப் பார்க்கணும்னு ஆசை வந்தவன், குடிக்கிறவங்க நிக்கிற இடத்தைத் தேடியும் போறான். ஆசை முதல்ல, கூட்டாளி அப்புறம். அந்த ஆசை எங்க முளைச்சதுன்னு தேடிப் போனா, பல நேரம் திரும்ப வீட்டு வாசல்லதான் வந்து நிக்கணும்.

இனி எங்க வீட்டுக் கதை.

எங்க அக்கா பையன், காலேஜ் முதல் வருஷம். திடீர்னு பையில எந்நேரமும் புதினா மிட்டாய். வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் நேரா பாத்ரூம். அக்காவுக்குப் புரிஞ்சு போச்சு. வீடே களத்துல இறங்கிச்சு.

முதல்ல பயமுறுத்தல். வாய்ப் புற்றுநோய்ப் படம் எல்லாம் போன்ல அனுப்பினாங்க. பிரயோஜனம் இல்ல. பாக்கெட்டுலயே 85 சதவீத இடத்துல அந்தப் படம்தானே இருக்கு? தினமும் பார்த்துப் பழகினவனுக்கு அது வெறும் அட்டை. நாற்பது வருஷம் கழிச்சு வர்ற நோய், பதினெட்டு வயசுக்காரன் காதுல ஏறாது.

அடுத்து சத்தியம். "என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு"ன்னு அக்கா அழுதா. அவனும் பண்ணினான். அதுக்கப்புறம் புதினா மிட்டாயோட சேர்த்துப் பொய்யும் சொல்ல வேண்டியதாப் போச்சு. அம்மா தலையில சத்தியம் பண்ணிட்டு மீறினோம்ங்கிற குத்தவுணர்ச்சி வேற. (அந்தக் குத்தவுணர்ச்சிக்கு அவன் கண்டுபிடிச்ச மருந்து இன்னொரு சிகரெட்!)

அத்தான் கத்தினார். "குடிச்சேன்னா வீட்டுக்குள்ள வராத." பையன் ஒண்ணும் பேசல, மாடிப்படியைப் பார்த்தான். அவ்வளவுதான். ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் மொட்டை மாடிக்குப் போய் அத்தான் என்ன பண்ணுவார்ங்கிறது அவனுக்கு ஒண்ணாங்கிளாஸ்ல இருந்தே தெரியும்.

கடைசியா ஒண்ணு நடந்துச்சு. நான் சொல்லிக் குடுக்கல, அத்தானுக்கே தோணிருக்கு. ஒரு ராத்திரி பையனை மாடிக்குக் கூப்பிட்டார். "எனக்குப் பத்தொன்பது வயசுல எங்க அண்ணன் குடுத்தாம்ல. அன்னைக்கு இருமினேன். இன்னைக்கு வரைக்கும் விட முடியல. காலைல எழுந்ததும் இதைத்தான் தேடுறேன். படியேறினா மூச்சு வாங்குது. உன்ன வையறதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல, ஆனா நான் மாட்டிக்கிட்ட இடம் எதுன்னு எனக்குத் தெரியும், அத மட்டும் சொல்றேன்"னு பேசியிருக்கார். ரொம்ப நேரம் ரெண்டு பேரும் மாடியில இருந்திருக்காங்க.

மறுநாள் அவன் எனக்குப் போன் பண்ணினான். "மாமா, அப்பா பாவம் மாமா"ன்னான். அதுக்கப்புறம்தான் எங்க யாரு கூடவும் அவன் உண்மையாப் பேச ஆரம்பிச்சான். காலேஜ் வாசல் கடையில எப்படி ஆரம்பிச்சது, யாரு கூட இருக்கும்போது தோணுது, எல்லாம். இப்ப அவன் முழுசா விட்டுட்டான்னு நான் எழுத மாட்டேன். ரொம்பக் குறைஞ்சிருக்கு. கேட்டா பொய் சொல்றதில்ல. அத்தானும் மாடிக்குப் போறதைக் குறைச்சிருக்கார். பையன் முன்னாடி சொன்ன வார்த்தைக்கு ஒரு கனம் இருக்குல்லா.

அவன்கிட்டப் பேசினதுல நான் கத்துக்கிட்ட இன்னொரு விஷயம். வேண்டாம்னு சொல்றதுக்கும் பயிற்சி வேணும். "உடம்புக்குக் கெடுதல்டா"ன்னு கூட்டத்துல சொன்னா எவனும் மதிக்க மாட்டான். "எனக்கு வேணாம் மச்சி, நீ அடி"ன்னு சாதாரணமாச் சொல்லிட்டு, டீ கிளாஸைக் கையில எடுத்துக்கணும். கை சும்மா இருக்கக் கூடாது. முக்கியமா, கூட இன்னொருத்தனும் வேண்டாம்னு நிக்கணும்.

அந்த இன்னொருத்தனோட பலத்தை 1950-கள்லயே சாலமன் ஆஷ்னு ஒரு உளவியலாளர் அமெரிக்காவுல சோதிச்சுக் காட்டினார். கோடுகளோட நீளத்தைச் சொல்லணும், அவ்வளவுதான் சோதனை. சுத்தி இருக்கிறவங்க எல்லாரும் வேணும்னே தப்பாச் சொன்னா, பலபேரு தன் கண்ணையே நம்பாம கூட்டத்தோட சேர்ந்துக்கிட்டாங்க. கூட்டத்துல ஒரே ஒருத்தர் சரியாச் சொன்னாப் போதும், அப்படி ஒத்து ஊதறது பெருமளவு குறைஞ்சு போச்சு. அஞ்சு பேரு கூட்டத்துல குடிக்காதவன் ஒருத்தன்னா தள்ளாடுவான். ரெண்டு பேருன்னா நிப்பாங்க.

பிள்ளைங்க மனசுல "எல்லாரும்தான் குடிக்காங்க"ன்னு ஒரு எண்ணம் இருக்கு பாருங்க, அதையும் உடைக்கணும். நான் மேல சொன்ன அதே 2019 கணக்கெடுப்புல, புகையிலையை ஏதோ ஒரு வடிவத்துல பயன்படுத்துற பிள்ளைங்க 8.5 சதவீதம். நூறு பேர்ல தொண்ணூறுக்கும் மேற்பட்ட பிள்ளைங்க தொடுறதில்ல! தொடாதவங்க சத்தமில்லாம வீட்டுக்குப் போயிடுறாங்க, தொடுறவங்க முக்குல நிக்காங்க. கண்ணுல படுறது முக்குல நிக்கிறவங்கதான்.

சேர்க்கையால கெடுக்க முடியும்னா, சேர்க்கையாலயே காப்பாத்தவும் முடியும். இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் 59 பள்ளிகள்ல ஒரு திட்டத்தைச் சோதிச்சாங்க. 12, 13 வயசுப் பிள்ளைங்ககிட்ட "உங்களுக்குள்ள யாரு பேச்சை மதிப்பீங்க?"ன்னு கேட்டு, அவங்களே காட்டின பிள்ளைங்களைத் தேர்ந்தெடுத்தாங்க. ஆசிரியர்களுக்குப் பிடிச்ச முதல் பெஞ்சுப் பிள்ளையைத் தேடல, வகுப்பே திரும்பிப் பார்க்கிற பிள்ளையைத் தேடினாங்க. அவங்களுக்குப் பயிற்சி குடுத்து, பஸ்ஸுலயும் சாப்பாட்டு நேரத்துலயும் பேச்சோட பேச்சாப் புகைக்கிறதைப் பத்திப் பத்து வாரம் பேச வச்சாங்க. மேடையும் இல்ல, உறுதிமொழியும் இல்ல. அந்தப் பள்ளிகள்ல வழக்கமாப் புகைக்கிறவங்களா ஆகுற வாய்ப்பு விகிதம் 22 சதவீதம் குறைஞ்சதுன்னு 2008-ல லான்செட் இதழ்ல வந்துச்சு. நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துல மே 31 அன்னைக்கு (அன்னைக்குத்தான் புகையிலை எதிர்ப்பு நாள்) பேரணி போறதோட நிறுத்தாம, இதையும் செஞ்சு பார்க்கலாமே! கடைசி பெஞ்சு ராஜாவைக் கூப்பிட்டுப் பொறுப்பைக் குடுங்க. அவன் சொன்னா கேப்பாங்க.

குடிக்கிற அப்பாக்களுக்கு. விடுங்கன்னு ஒரு வார்த்தையில சொல்றது எனக்கு எளிசு, விடுறது எவ்வளவு கஷ்டம்னு அத்தானைப் பார்த்து எனக்குத் தெரியும். விட்ட முதல் ரெண்டு மூணு நாள்தான் உச்சக் கஷ்டம். ஒவ்வொரு தவிப்பும் சில நிமிஷத்துல அடங்கும், அதுவரை தண்ணியக் குடிங்க, நடங்க. 1800 112 356-னு ஒரு இலவச எண் இருக்கு, பாக்கெட்டுலயே அச்சடிச்சிருக்காங்க. கூப்பிட்டா ஆலோசனை சொல்லுவாங்க. முழுசா விடுற வரைக்கும் மூணு காரியம் இன்னைக்கே முடியும். பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதீங்க. வீட்டுக்குள்ளயும் வண்டிக்குள்ளயும் பத்த வைக்காதீங்க. பாக்கெட்டைப் பிள்ளை கைக்கு எட்டுற இடத்துல வைக்காதீங்க. விட முடியாதவராலயும் இது மூணும் முடியும்.

கடைசியா அண்ணன்மாருக்கு. அப்பாவைவிட உங்க கைக்குத்தான் பலம் அதிகம்னு ஆய்வே சொல்லுது. நீங்க குடிக்கலைன்னா, அதைத் தம்பிகிட்ட வாய்விட்டுச் சொல்லுங்க. குடிக்காத அண்ணன் இருக்கான்னு அவனுக்குத் தெரியணும். நீங்க குடிக்கிறவரா இருந்தா, அவனை ரகசியத்துல கூட்டுச் சேர்க்காதீங்க. முதல் இழுப்பு யாரு குடுத்தா, மாசம் எவ்வளவு காசு போகுது, விட்டுப் பார்த்தப்ப என்ன ஆச்சு, எல்லாத்தையும் உள்ளபடி சொல்லுங்க. அவன் கூட்டாளிங்க வீட்டுக்கு வந்தா அவங்களையும் பக்கத்துல உக்கார வச்சுக்கோங்க. நாலு வீட்டுப் பிள்ளைக்கு ஒரே நேரத்துல பேசின மாதிரி ஆச்சு.